டிஸ்கோர்ஸ்: அழிக்காமல் மறைக்கும் மட்டுறுத்தல்

பலர் கூடிப் பேசும் இணையத்தளத்தை நடத்துகிறவர்களுக்கு, வரம்பு மீறிய பதிவை நீக்குவதா, விட்டுவைப்பதா என்பது ஓயாத தலைவலி. ஜெஃப் அட்வுட், ராபின் வார்ட், சாம் சாஃப்ரன் ஆகியோர் 2013-இல் அறிமுகப்படுத்திய டிஸ்கோர்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு வேறொரு வழியைத் தருகிறது. எங்கள் மாடித்தோட்டக் குழுவை அதில் நடத்திப் பார்த்தபின், இந்த ஒரு வசதிக்காகவே அதைப் பரிந்துரைக்கிறேன்.

ஒரு பதிவின்மீது உறுப்பினர்கள் தரும் புகார்களின் மதிப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், மட்டுறுத்துநர் (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவர்) உறக்கத்தில் இருந்தாலும் அது தானாகவே மறைந்துவிடும், ஆனால் அழிவதில்லை. எழுதியவருக்குக் காரணத்தைச் சொல்லித் தனிச்செய்தி போகிறது. (அச்செய்தியின் வாசகத்தை நாமே மாற்றி எழுதலாம், நான் அதை இன்னும் கனிவாக எழுதி வைத்தேன்.) 10 நிமிடங்கள் கழித்து அவர் பதிவைத் திருத்தினால் அது மீண்டும் வெளிப்படும், இரண்டாம் முறையும் மறைக்கப்பட்டால், மட்டுறுத்துநர் முடிவெடுக்கும்வரை மறைந்தே இருக்கும். சினம் ஆற அந்தப் 10 நிமிடங்கள் எவ்வளவு உதவுகின்றன என்பதை நேரில் கண்டேன். பூச்சிமருந்து பற்றிய வாக்குவாதத்தில் கடுஞ்சொல் வீசிய மூத்த உறுப்பினர் ஒருவர், அன்று மாலையே ஏசிய வரிகளை மட்டும் எடுத்துவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசல் பற்றிய தம் பல்லாண்டு அனுபவத்தை அப்படியே விட்டுவைத்தார். பதிவை நீக்கியிருந்தால் அந்த அனுபவமும் போயிருக்கும். அநேகமாக அவரும் போயிருப்பார்.

எல்லாப் புகார்களுக்கும் ஒரே எடை இல்லை என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. உறுப்பினர்களுக்கு 0 முதல் 4 வரை நம்பிக்கை நிலைகள் உண்டு. இயல்பான அமைப்பில், 5 தலைப்புகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, 10 நிமிடங்களாவது செலவிட்டு முதல் நிலையை எட்டியவரே புகார் தர முடியும். முன்பு தந்த புகார்கள் சரியென ஏற்கப்பட்டவரின் சொல்லுக்கு மதிப்பு கூடுகிறது.

குறையும் உண்டு. எத்தனை புகார்கள் வந்தால் பதிவு மறையும் என்பதை உறுப்பினர்களுக்கு ஓர் எண்ணாகச் சொல்ல இயலாது. அது எவ்வளவு எளிதில் மறையலாம் என்பதைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்றுதான் நிர்வாகி தேர்ந்தெடுக்க முடியும். பதிவுகளுக்கு -1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழுள்ளவை தமக்குத் தெரிய வேண்டாம் என்பதை வாசகரிடமே விட்ட ஸ்லாஷ்டாட் என்னும் தொழில்நுட்பச் செய்தித்தளத்தின் முறை இவ்வகையில் நேர்மையானது. பெரும்பான்மையினர் கூடிப் பிடிக்காத கருத்தொன்றை மறைத்துவிடும் ஆபத்தும் டிஸ்கோர்ஸில் இருக்கிறது. ஆகவே புகார் வரிசையை நாள்தோறும் திறந்து பார்க்க ஒருவராவது இல்லாத குழு, தானாக மறைக்கும் வசதியை அணைத்து வைப்பதே நல்லது.