மாவுச் சல்லடையில் ஓடை நத்தை: நான்கு தட்டு செட் தேறுமா?

கோதுமை, ரவை, மைதா, அதைவிட நைசாக இன்னொன்று என்று நான்கு வலைத்தட்டுகளை மாற்றிப் போடும் எவர்சில்வர் சல்லடை எல்லாப் பாத்திரக் கடையிலும் கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நத்தை சேகரிக்க லேப் சல்லடைக்குப் பதில் இதைக் கொண்டுபோகலாம். ஆனால், வாங்கியது வாங்கியபடியே கொண்டுபோகக் கூடாது.

தட்டின் பெயரை நம்பாதீர்கள். ஸ்கேலை வலைமேல் வைத்துக் கண்களை (துளைகளை) எண்ணுங்கள். 1 செ.மீ.க்கு ஏழெட்டு இருந்தால் கண் ஏறக்குறைய 1 மி.மீ., பதினான்கு இருந்தால் அரை மி.மீ. குஞ்சு நத்தைகள் அரை மி.மீ. வலையில்தான் நிற்கும். ஆனால் அது களிமண்ணில் சட்டென அடைத்துக்கொள்ளும். மேலே 1 மி.மீ., கீழே அரை மி.மீ. என்று அடுக்கினால் தீர்ந்தது. செட்டில் வளையம் ஒன்றுதான் வருகிறது என்பதால் இரண்டு செட் வாங்க வேண்டும்.

பெரிய குறை விளிம்பில்தான். வலை வளையத்துக்குள் மடியும் இடுக்கில் இரண்டு மி.மீ. நத்தை அழகாக ஒளிந்துகொள்ளும். அடுத்த ஓடையில் தட்டும்போது உதிரும். ஒரே ஓடையில் மட்டும் வாழும் இனம் இரண்டு ஓடைகளில் இருப்பதாகப் பதிவாகிவிடும். பிறகு தடுப்பணை கட்டி ஒன்றை அழித்தாலும் ‘இன்னோர் இடம் இருக்கிறதே’ என்பார்கள். இடுக்கை எம்-சீல் வைத்து அடையுங்கள். ஓடைக்கு ஓடை பிரஷ் போட்டுக் கழுவுங்கள்.

மாவு சலிப்பதுபோல் ஆட்டவே கூடாது. சரளையில் உரசி ஓட்டின் நுனிச் சுற்றும் வாய் விளிம்பும் உடையும். இனம் பிரிக்கப் பார்ப்பதே அவற்றைத்தான். சல்லடையைப் பாதி நீரில் அமிழ்த்தி மெல்ல அசைத்தால் போதும். கிளறிய சரளையை எடுத்த இடத்திலேயே போடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் இதில் எதையும் தொடங்காதீர்கள்.

அருவிச் சாரல் படும் பாறையில் இது உதவாது. கிரெம்னோகாங்கஸ் நத்தைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும். கடற்கரைப் பாறை நத்தைகளின் குடும்பத்தில் நன்னீருக்கு வந்த ஒரே பேரினம் இது; 2013இல் ஆறு புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள், அதில் ஒன்று கர்நாடகத்தின் ஆகும்பே என்ற ஊரின் பெயரில். இப்படிப்பட்ட பாறைகளில் டீ வடிகட்டியைப் பாறையோடு ஒட்டிப் பிடித்து, பெயிண்ட் பிரஷால் தள்ளிவிட வேண்டும்.

சல்லடை எவ்வளவு நல்லதானாலும் பிடித்ததைக் கெடுப்பது போட்டு வைக்கும் பாட்டில்தான். உயிரோடு ஆல்கஹாலில் போட்டால் நத்தை மூடியை இழுத்துச் சாத்திக்கொள்ளும், உள்ளே அழுகும், டிஎன்ஏ போய்விடும். மெந்தால் தூவிய நீரில் ஓரிரவு விட்டு, உடல் வெளியே தளர்ந்த பிறகு 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். லேபிளைப் பென்சிலில் எழுதி உள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை கரைந்துவிடும்.

இனங்களைத் தேடிப் பிடிக்க இந்தச் செட் தாராளமாகப் போதும். சதுர மீட்டருக்கு எத்தனை நத்தை என்று எண்ணி வேறொருவர் கணக்கோடு ஒப்பிடுவதானால், கண் அளவு சான்றளித்த லேப் சல்லடையே வாங்குங்கள்.