கல்லூரி போர்ட்ஃபோலியோ: கூகுள் சைட்ஸா, வேர்ட்பிரஸ்ஸா, மஹாராவா?

தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் ஐந்து பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீயில் மேஜரும் அலைடும் (துணைப்பாடம்), பார்ட் ஃபோரில் சுற்றுச்சூழல் கல்வியும் திறன் பாடங்களும், பார்ட் ஃபைவில் என்.எஸ்.எஸ். மாதிரியான விரிவாக்கப் பணி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளில் ஆறு செமஸ்டரும் இப்படியே ஓடிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர், தனி நோட்டு, தனி இன்டர்னல் மார்க். இதில் படித்ததை அதோடு சேர்த்துப் பார் என்று சொல்வது மட்டும் யாருடைய பீரியடிலும் இல்லை.

அந்த வேலைக்குத்தான் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ: மாணவர் தான் செய்த வேலைகளையும், அவற்றிலிருந்து புரிந்ததையும் சேர்த்து வைக்கும் சொந்த இணையப் பக்கம். அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் மாணவர் கற்றலுக்கு மிகவும் உதவும் வழிமுறைகள் என்று பத்தைப் பட்டியலிட்டிருந்தது. 2016-ல் பதினொன்றாவதாக மின் போர்ட்ஃபோலியோவைச் சேர்த்தது. இங்கே நாம் அதை வேலை தேடும்போது காட்டுகிற பளபளப்பான பயோடேட்டா என்று எடுத்துக்கொண்டோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதனால் கீழே வரும் எதையும் அழகைப் பார்த்து நான் அளக்கவில்லை. ஒரு பாடத்தில் செய்த வேலையை இன்னொரு பாடத்தில் செய்ததோடு எவ்வளவு எளிதாகக் கட்ட முடிகிறது, கல்லூரியை விட்டுப் போன பிறகும் அது கையில் இருக்குமா, இந்த இரண்டும்தான் என் அளவுகோல்.

ஒரே பதிவை எல்லாவற்றிலும் வைத்துப் பார்ப்போம். வேதியியல் படிக்கும் ஒரு மாணவி மதுரை வண்டியூர் தெப்பக்குளத்து நீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூம்புக் குடுவையில் நீர் மாதிரி, காரத்தன்மையை பி.ஹெச். 10-ல் நிறுத்த அம்மோனியா பஃபர் கரைசல், நிறம் மாறிக் காட்டும் எரியோகுரோம் பிளாக் டி சாயம் இரண்டு சொட்டு. பியூரெட்டிலிருந்து, கடினத்தன்மை தரும் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசல் இறங்க இறங்க, ஒயின் சிவப்பாக இருந்தது ஊதாவாகி, கடைசிச் சொட்டில் தெளிந்த நீலமாகும். அளவு ஒத்து வரும் வரை திரும்பத் திரும்பச் செய்வாள். ரெகார்டு நோட்டில் நோக்கம், செய்முறை, அட்டவணை, முடிவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் வேலை தீர்ந்தது. ஆனால் அதே மாணவி அலைடு பாடத்தில் திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கு) படித்திருக்கிறாள், சுற்றுச்சூழல் கல்வியில் நீர்நிலைகளைப் பற்றி எழுதியிருக்கிறாள், தமிழ் வகுப்பில் சங்கப் பாடலின் வையையை, அதாவது வைகையைப் படித்திருக்கிறாள். தெப்பக்குளத்துக்கு நீர் வருவதே வைகையிலிருந்துதான். “ஒரே சோதனையை ஏன் மூன்று முறை செய்யச் சொன்னார்கள் என்பது திட்டவிலக்கம் படித்தபோதுதான் புரிந்தது” என்று அவள் ஒரு வரி எழுதினால், அந்த வரிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

முதலில் ரெகார்டு நோட்டையே எடுத்துக்கொள்வோம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நெட் வேண்டாம், சிவப்பு மையில் ஆசிரியரின் திருத்தம் பக்கத்திலேயே இருக்கும், கையால் எழுதியது மனதில் நிற்கும். ஆனால் வேதியியல் ரெகார்டிலிருந்து தமிழ் அசைன்மென்ட்டுக்குப் போக வழியே கிடையாது. செய்முறைத் தேர்வு முடிந்ததும் பல நோட்டுகள் துறை அலமாரிக்கும், அங்கிருந்து பழைய பேப்பர் கடைக்கும் போய்விடுகின்றன. கோப்புகளைக் கூகுள் டிரைவ் ஃபோல்டரில் போட்டு வைப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். பி.டி.எஃப்.கள் சேரும், சிந்தனை சேராது.

இணையப் பக்கம் கட்ட கூகுள் இலவசமாகத் தரும் கருவி கூகுள் சைட்ஸ். அதில் தொடங்குவதுதான் மிக எளிது. ஜிமெயில் இருந்தால் போதும். டிரைவில் இருக்கும் அட்டவணையையும் படத்தையும் இழுத்துப் போட்டால் பக்கம் தயார். அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒரே லேப் பீரியடில் எல்லோரையும் ஆரம்பிக்க வைக்கலாம். குறை என்னவென்றால், அது பக்கங்களை மரம் மாதிரிதான் அடுக்கும். வேதியியலின் கீழே தெப்பக்குளம் என்று போட்டால் அது அங்கேயே உட்கார்ந்துவிடும். பதிவுகளைப் பொருள்வாரியாகச் சேர்க்கும் டேக் (குறிச்சொல்) கிடையாது. வெளியிட்ட பக்கத்தில் ஆசிரியர் கருத்து எழுதவும் இடம் இல்லை. கூகுள் டாக்கில் எழுதி அதன் ஓரத்தில் கமென்ட் போடலாம், ஆனால் அது சுற்றுவழி. போனில் திருத்துவதும் சிரமம். சொந்தக் கணினி இல்லாத பிள்ளைகளுக்கு இது பெரிய தடை. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கு லேப் பீரியடை விட்டால் கணினியே கையில் கிடைக்காது.

இன்னொன்று. கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் சைட் கட்டினால், பட்டம் வாங்கியதும் அந்தக் கணக்கு மூடப்படலாம். மூன்று வருட எழுத்தும் அதோடு போய்விடும். கூகுள் சைட்ஸ்தான் என்று முடிவெடுத்தால் முதல் நாளே சொந்த ஜிமெயிலில் தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வலைப்பதிவு எழுதும் தளமான வேர்ட்பிரஸ்.காம். இலவசக் கணக்கில் விளம்பரம் வரும், வீடியோவை நேரடியாக ஏற்ற முடியாது, கட்டம் கட்டமாக எழுதும் எடிட்டர் பழக ஒரு வாரம் பிடிக்கும். இத்தனைக்கும் பிறகு என் ஓட்டு இதற்குத்தான். காரணம் டேக். அந்தத் தெப்பக்குளப் பதிவுக்கு ‘நீர்’, ‘வைகை’, ‘அளவீடு’ என்று மூன்று டேக் போட்டால் போதும். ஐந்தாவது செமஸ்டரில் ‘வைகை’யைத் தொட்டால் வேதியியல் பதிவும், தமிழ்க் கட்டுரையும், என்.எஸ்.எஸ். முகாம் குறிப்பும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். யாரும் திட்டமிடாத சேர்க்கை அது. மாணவர்கள் அங்கேதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். தேதி தானாகவே விழுவதால் முதல் வருடம் எப்படி எழுதினோம், இப்போது எப்படி எழுதுகிறோம் என்பதும் தெரியும். கருத்துப் பெட்டி இருக்கிறது. போன் செயலியில் தமிழில் தட்டியோ பேசியோ எழுதலாம். எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

மஹாரா நியூசிலாந்தில் 2006-ல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். போர்ட்ஃபோலியோவுக்கென்றே செய்யப்பட்டது, அது பார்த்தாலே தெரியும். பக்கத்தை ஆசிரியரிடம் சமர்ப்பித்தால் அவர் விடுவிக்கும் வரை அது பூட்டிக்கொள்ளும். எந்தப் பக்கத்தை யார் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லலாம். டேக்கும் உண்டு, மூடில் என்ற இணைய வகுப்பு மென்பொருளோடு இணைக்கவும் முடியும். கற்றலை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுதான் முதல். ஆனால் அதை ஓட்டும் சர்வர் இலவசம் இல்லை. பேக்கப் எடுக்கவும் அப்டேட் போடவும் ஒருவர் நிரந்தரமாக வேண்டும். ஆர்வமுள்ள ஒரே ஆசிரியரை நம்பித் தொடங்கினால், அவர் மாறிப்போன செமஸ்டரிலேயே தளம் படுத்துவிடும். கணினித் துறையில் அதற்கென்றே ஆள் ஒதுக்கக்கூடிய தன்னாட்சிக் கல்லூரி என்றால் தைரியமாக இறங்கலாம். மற்றவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

பி.சி.ஏ., பி.எஸ்ஸி. கணினி அறிவியல் மாணவர்களுக்கு, நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் இணையப் பக்க வசதியான கிட்ஹப் பேஜஸ். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற மென்பொருளை அவர்கள் எப்படியும் கற்க வேண்டும், ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் அதில் நிற்கும். வரலாறு படிக்கிற பிள்ளையிடம் இதைத் திணிக்க வேண்டாம்.

லிங்க்டுஇன், டிஜிலாக்கர் இரண்டையும் போர்ட்ஃபோலியோ என்று சொல்பவர்கள் உண்டு. அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியல் இருக்கும், வேலைவாய்ப்புத் தளமான லிங்க்டுஇன்னில் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சிச் சான்றிதழை மாட்டி வைக்கலாம். எதில் தேறினோம் என்று அவை சொல்லும். எப்படிப் புரிந்தது என்பதற்கு அங்கே இடம் இல்லை. கடைசி வருடத்தில் லிங்க்டுஇன்னில் இருந்து வேர்ட்பிரஸ்ஸுக்கு ஒரு இணைப்பு கொடுத்தால் அது போதும்.

எதை எடுத்தாலும் ஆசிரியரின் நேரம்தான் உண்மையான விலை. வாரம் ஒரு பதிவு என்று கேட்டால் அறுபது பேர் எழுதியதை யார் படிப்பது? அப்புறம் யாரும் படிக்காததை மாணவரும் மனதோடு எழுத மாட்டார். செமஸ்டருக்கு இரண்டு பதிவு போதும், ஆறு செமஸ்டரில் பன்னிரண்டு. நிபந்தனை ஒன்றுதான்: ஒவ்வொரு பதிவும் வேறொரு பாடத்தின் வேலையைத் தொட வேண்டும். இன்டர்னலில் ஒரு அசைன்மென்ட்டுக்குப் பதிலாக இதை ஏற்றுக்கொண்டால் யாருக்கும் கூடுதல் சுமை இல்லை. தமிழில் எழுத விரும்புகிறவரைத் தமிழிலேயே எழுத விடுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் புரிந்ததை எழுதாமல், எழுத வருகிறதை மட்டும் எழுதுவார்கள்.

“பொம்பளப் பிள்ளை பேரும் போட்டோவும் நெட்ல எதுக்கு சார்?” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேர்ட்பிரஸ்ஸில் தளம் முழுவதையும் தனிப்பட்டதாக வைத்து, ஆசிரியரை மட்டும் பார்வையாளராக அழைக்கலாம். அவருக்கும் அங்கே ஒரு கணக்கு வேண்டும், அவ்வளவுதான். கூகுள் சைட்ஸிலும் குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் திறந்துவிடலாம். முகவரியில் பெயருக்குப் பதில் ஒரு புனைபெயர், முகத்துக்குப் பதில் குடுவையின் படம், போன் எண் எங்கேயும் வேண்டாம். பொதுவில் திறப்பதா வேண்டாமா என்பதைக் கடைசி செமஸ்டரில் அந்த மாணவியே முடிவு செய்யட்டும். அவள் திறக்காமலே விட்டாலும் மார்க்கில் கை வைக்கக் கூடாது.