ஐந்தா, மூன்றா? காமன் லிஸ்ப்பின் சோதனைக் கருவிகளோடு ஓர் ஆண்டு

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்னவென்று, காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியின் கம்பைலரான எஸ்பிசிஎல்லிடம் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கோ மூன்றே எழுத்து. இந்த வழக்கைத் தீர்க்கத்தான் காமன் லிஸ்ப்பில் ஒரு சின்ன நூலகம் எழுதத் தொடங்கினேன். எழுத்தை எண்ண வேண்டும், சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். 400 வரிகூட இல்லாத அதற்கு, நிரலைத் துண்டு துண்டாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் கருவிகள் மூன்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். சொந்தமாக ஒரு சோதனைக் கருவி எழுதிப் பார்க்காத லிஸ்ப்காரரைக் காண்பதே அரிது. நான் வாங்கிப் பூட்டியதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலில் ஃபைவ்ஏஎம். லிஸ்ப் நூலகங்களை இறக்கித் தரும் க்விக்லிஸ்ப்பில் ஒரே வரியில் வந்து இறங்கிவிடும். ஓட்டினால் தேறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, தோற்றதற்கு ஓர் 'எஃப்', நடுவில் பிழை வெடித்தால் 'எக்ஸ்', கடைசியில் சதவீதக் கணக்கு. எதிர்பார்க்கும் விடையை முதலிலும் நம் நிரலின் விடையைப் பிறகும் எழுத வேண்டும் என்பது இதன் வழக்கம். நான் முதல் வாரம் முழுக்க மாற்றியே எழுதினேன். சோதனை அதனால் கெடுவதில்லை, ஆனால் தோற்கும்போது வரும் செய்தி இப்படி இருக்கும்: '3-ஐக் கணக்கிட்டால் 3 வருகிறது, அது 5-க்குச் சமமில்லை.' இதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்தேன்.

அடுத்த தோல்வி இன்னும் வேடிக்கை. 'கொ' வந்தது, அது 'கொ'வுக்குச் சமமில்லை என்றது கருவி. இரண்டும் திரையில் அச்சு அசலாக ஒன்றுதான். எந்தக் கருவியை வைத்தாலும் இந்த இடத்தில் இதே செய்திதான் வரும். அச்சிட்டுக் காட்டுவதற்கு மேல் அவை எதுவும் செய்வதில்லை. லிஸ்ப்புக்கே உரிய வசதி இங்கேதான் கைகொடுத்தது. ஃபைவ்ஏஎம்மில் தோல்வி நேர்ந்தால் டிபக்கரை, அதாவது நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவியைத் திற என்று ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினேன். ஈமேக்ஸ் எடிட்டரில், அதை லிஸ்ப்போடு இணைக்கும் ஸ்லைமின் ஜன்னல் திறந்தது. நிரல் சாகவில்லை, தோற்ற இடத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அங்கேயே அந்தச் சரத்தை எழுத்துக்குறிகளின் பட்டியலாக மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டே உருப்படி. மற்றதில் ககரம், எகரக் கொம்பு, கால் என மூன்று. யூனிகோடில் இரண்டும் செல்லும். எண்ணுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி அந்த ஃபங்ஷனைத் திருத்தி, அதை மட்டும் கம்பைல் செய்து, டிபக்கரிலேயே 'சோதனையை மறுபடி ஓட்டு' என்பதைத் தேர்ந்தேன். தேறிவிட்டது. எதையும் மூடித் திறக்கவில்லை. இதைச் செய்யவிடாத சோதனைக் கருவி எத்தனை வண்ணத்தில் அறிக்கை கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

யூகாரி ஹாஃப்னரின் பாராஷூட் இந்த ஒரு விஷயத்தை இன்னும் நேர்த்தியாகச் செய்கிறது. ஓட்டும்போதே எந்த வகை அறிக்கை வேண்டும் என்று சொல்லலாம். சாதாரண அறிக்கை என்றால் மரக்கிளைபோல் ஒன்றுக்குள் ஒன்றாக, ஒவ்வொரு வரிக்கும் ஆன நேரத்தோடு வரும். இன்டராக்டிவ் என்றால் தோற்ற கணமே டிபக்கர். பொது மாறி எதையும் நிலையாக மாற்றவில்லை. ஒரே சோதனைத் தொகுப்பு, இரண்டு விதமான ஓட்டம். ஒரு சோதனை இன்னொன்றைச் சார்ந்தது என்றும் எழுதிவைக்கலாம். பிரிப்பதே தப்பு என்றால் எண்ணிப் பார்ப்பதில் பொருளில்லை, அல்லவா? இப்போது என் அன்றாடச் சோதனைகள் எல்லாம் இதில்தான்.

ரோவ், ஜப்பானியரான எய்தாரோ ஃபுகாமாச்சியின் ஆக்கம். அவரே முன்பு எழுதிய ப்ரூவ் கருவிக்கு வாரிசு. 'ஓகே', 'என்ஜி' என்ற இரண்டு சோதனைச் சொற்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. என்ஜி என்றால் ஜப்பானில் 'நன்றாக இல்லை'. அறிக்கை கண்ணுக்கு அழகு. இரண்டு வாரம் வைத்திருந்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒட்டவுமில்லை. ரிச்சர்ட் வாட்டர்ஸ் எம்ஐடியில் இருந்தபோது எழுதிய ஆர்டி என்ற கருவிக் கிழவர் இன்றும் உழைக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும்: லிஸ்ப் தர நிர்ணயத்தைச் சோதிக்கும் 20,000-க்கு மேற்பட்ட சோதனைகள் ஆர்டியின் வழியில் எழுதப்பட்டவைதாம்.

இனி என் முட்டாள்தனங்கள். கோப்பிலிருந்து அழித்த சோதனை, ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்ப்பின் நினைவிலிருந்து அழிவதில்லை. இது தெரியாமல், கோப்பிலேயே இல்லாத ஒரு சோதனை ஏன் தோற்கிறது என்று ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன். இன்னொன்று இதைவிட மோசம். லிஸ்ப் நிரல்களைக் கட்டி ஏற்றும் ஏஎஸ்டிஎஃப் வழியாகச் சோதனைகளை ஓட்டினால், அவை தேறினவா தோற்றனவா என்ற செய்தி அதன் விடையில் வராது. ஓட்டி முடித்தேன் என்று மட்டும் சொல்லும். நான் கையேட்டைப் படிக்காமல் அதைத் தானியங்கிச் சோதனையில் மாட்டிவிட்டேன். மூன்று சோதனைகள் தோற்றுக்கொண்டிருக்க, இரண்டு வாரம் பச்சை விளக்கு எரிந்தது. ஓட்டத்தின் முடிவைக் கேட்டு, தோல்வி என்றால் பிழையை எழுப்பும் இரண்டு வரியை நாமே எழுத வேண்டும். எந்தக் கருவியை எடுத்தாலும் முதல் நாளே ஒரு சோதனையை வேண்டுமென்றே தோற்கவிட்டு, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

ஃபைவ்ஏஎம்மை முழுசாகக் கைவிடவும் முடியவில்லை. காரணம் அதிலுள்ள 'ஃபார்-ஆல்'. தற்செயலான உள்ளீடுகளைத் தானே உருவாக்கி, சும்மா விட்டால் 100 தடவை முட்டிப் பார்க்கும். தமிழுக்கு யூனிகோட் ஒதுக்கிய 128 இடங்களிலிருந்து கண்டபடி பொறுக்கிச் சரம் செய்யச் சொன்னேன். அவற்றில் குறி ஏறியவை 72-தான், மிச்சம் காலி. பிரித்த பட்டியலின் நீளமும் எண்ணிச் சொன்ன தொகையும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஓட்டத்திலேயே உடைத்துவிட்டது. தோற்ற சரத்தைத் தானாகச் சுருக்கித் தரும் வித்தை இதற்குத் தெரியாது. நாற்பது குறிகள் கொண்ட கொத்தைக் கையால் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கால், முன்னால் மெய் எதுவும் இல்லாமல். எண்ணும் ஃபங்ஷன் அதைச் சுழியம் என்றது; பிரிக்கும் ஃபங்ஷன் ஓர் எழுத்து என்றது.

அநாதையான காலை எழுத்தாகக் கொள்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதுவரை அந்தச் சோதனை ஃபைவ்ஏஎம்மிலும் மற்றவை பாராஷூட்டிலும் இருக்கின்றன.