வான்வழித் தூரம் சொல்லும் செயலி: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

மகளைப் பார்க்க முதன்முறையாக இலண்டன் செல்லவிருக்கும் சேலம் அஸ்தம்பட்டி நண்பர், நான் வைத்திருக்கும் செயலியை நம்பலாமா என்று சென்ற வாரம் கேட்டார். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் வான்வழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் அந்தச் செயலியை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன்.

தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூரிலிருந்து இலண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 8,040 கிலோமீட்டர், சென்னையிலிருந்து 8,230 என்று அது காட்டுவது சரியான கணக்கு. தட்டையான வரைபடத்தில் வடக்கே வளைந்து தெரியும் கோடுதான் உண்மையில் மிகக் குறுகிய வழி என்பதை, பூகோள உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து என் பேரனுக்குக் காட்டிய மாலையை நான் மறக்கவில்லை; அந்த ஆர்வத்தை எனக்குத் தந்ததே இந்தச் செயலிதான்.

நேரம்தான் என்னை வருத்துகிறது. போகும்போதும் வரும்போதும் அது ஒரே விடையைத்தான் சொல்கிறது: ஒன்பதே கால் மணி நேரம். தூரத்தை ஒரு நிலையான வேகத்தால் வகுத்தால் வரும் விடை அது. ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று, போகையில் எதிர்க்கிறது, வருகையில் தள்ளிவிடுகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லும் நேரமும், இறங்க அனுமதி கிடைக்கும்வரை வட்டமடிக்கும் நேரமும் இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதால் அவை சுற்றிப் போக நேர்ந்தபோதும் விடை மாறவில்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் சேலத்துக்காரர் எவரும் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்ல மாட்டார்.

கடந்த குளிர்காலத்தில் அம்மாவை அழைத்துச் சென்றபோது, அவருடைய மாத்திரைகளையும் சாப்பாட்டையும் அந்த ஒன்பதே கால் மணியை நம்பித்தான் வகுத்திருந்தேன். ஒன்பது மணி நேரம் கடந்த பின் "இன்னும் எவ்வளவு நேரம் கண்ணு?" என்று கேட்டார். ஒன்றரை மணிக்கு மேல் ஆகும் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் வீங்கிய கால்களைத் தடவிக்கொண்டார். விமானப் பணிப்பெண்ணிடம் ரொட்டி வாங்கிக் கொடுத்த பிறகுதான் மாத்திரை கொடுக்க முடிந்தது. செயலியை நடத்துவோருக்கு இருமுறை எழுதினேன். அது தோராயமான மதிப்பு மட்டுமே என்ற பதில்தான் வந்தது. அந்தச் சொல்லைத் திரையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தால் நான் அம்மாவை அப்படி அழைத்துச் சென்றிருக்க மாட்டேன்.

நண்பருக்கு நான் சொன்ன வழி இது: பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். காலை 7:00 மணிக்குப் புறப்பட்டுப் பகல் 12:30க்கு இறங்குவதாக இருந்தால், குளிர்காலத்தில் இலண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதையும் கூட்டிப் பதினொரு மணி நேரம் என்று கொள்ள வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நான்கரை மணி நேரம் கூட்டினால் போதும். சேலத்திலிருந்து பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வரையிலான சாலைப் பயணத்தையும், மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டியதையும் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தூரக் கணக்கில் இதைவிடச் சிறந்த செயலியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருகிறேன். நண்பரையும் நிறுவ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.