வால்வு மாற்றித் தந்தால் பயாஸ் அளவைக் கேட்காமல் ஆம்பை வாங்காதீர்கள்

வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்) வைத்திருக்கும் கிட்டார்காரர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். என்னுடையது மார்ஷல் ஜேசிஎம்800, 50 வாட் ஹெட். ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வு இஎல்34 இரண்டு, அதற்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் சின்ன வால்வு ஈசிசி83 மூன்று. போன மாதம் கம்பியைத் தொடாமலே 'கூ'வென்று கத்த ஆரம்பித்தது. சென்னையில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். மூடியைக்கூடக் கழற்றாமல் "அஞ்சுமே போச்சு தம்பி" என்றார். 19,000 ரூபாய் கொடுத்தேன். வாங்கும்போது "பயாஸ் செட் பண்ணீங்களாண்ணே?" என்று கேட்டதற்கு, "இப்ப வர்ற வால்வுக்கு அதெல்லாம் வேண்டாம்" என்றார். பயாஸ் என்றால், வாசிக்காமல் சும்மா இருக்கும்போது பெரிய வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று திருகி வைக்கும் அளவு. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டில் அரை மணி நேரம் வாசித்திருப்பேன், ஒரு இஎல்34-இன் உள்தகடு அடுப்புக் கரி மாதிரி சிவந்து நின்றது, நான் ஓடிப்போய் அணைப்பதற்குள் ஃப்யூஸும் போய்விட்டது.

அப்புறம் பழைய வால்வு ரேடியோ பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஃப்யூஸை மாற்றி, மீட்டர் வைத்து என் கண்முன்னாலேயே அளந்தார். தகட்டில் 450 வோல்ட். ஒரு வால்வில் 31 மில்லிஆம்ப், இன்னொன்றில் 62. இஎல்34 தகடு தாங்குவதே 25 வாட்தான், 62 என்றால் 28 வாட்டுக்குப் பக்கம், சிவக்காமல் என்ன செய்யும்? இந்த வோல்டேஜில் 38 மில்லிஆம்ப் அளவில் வைத்தால் போதும் என்றார். ஆனால் இரண்டுக்கும் பயாஸ் திருகு ஒன்றுதான், ஜோடி பொருந்தாமல் எப்படித் திருப்பினாலும் சரிவராது. புதிது என்று போட்ட அந்த வால்வுகளின் கண்ணாடியில் பழைய எழுத்தைத் துடைத்த தடம்கூட இருந்தது.

பழைய வால்வுகளைக் கடையில் கேட்டபோது சின்னது மூன்றை மட்டும்தான் கொடுத்திருந்தார்கள், இஎல்34 குப்பைக்குப் போய்விட்டதாம். அந்த மூன்றையும் பெரியவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பென்சிலால் மெல்லத் தட்டினார். ஒன்றுதான் மணி அடித்தது போல ஸ்பீக்கரில் ஒலித்தது. ஆக, கத்தியது அதுதான். மாற்ற வேண்டியிருந்தது அந்த ஒரு ஈசிசி83-ஐ மட்டும், அதற்குப் பயாஸ் வேலையே கிடையாது.

ஆம்பைக் கொடுக்கும் முன் வால்வுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். பழையதைத் திருப்பிக் கேளுங்கள், மில்லிஆம்ப் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நீங்களே திறந்து அளக்கப் போகாதீர்கள், சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும்.

கடையில் இன்னும் பணம் திரும்பவில்லை. என் பழைய இஎல்34 ஜோடி எந்தக் குப்பைக்குப் போனது என்பதற்கும் பதில் இல்லை.