தீ அபாய மதிப்பீடு: நாமே செய்வதா, வெளியாளை அழைப்பதா?

கொழும்பின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் முகாமைக் குழு கூடினால் இந்தக் கேள்வியில் செலவுதான் முதலில் பேசப்படுகிறது. அதைவிடப் பார்க்க வேண்டியவை உண்டு.

நாமே சுற்றிப் பார்ப்பதில் ஒரு பெரிய நன்மை: கட்டடத்தின் அன்றாடப் பழக்கம் நமக்குத் தெரியும். எந்த மாடியில் சைக்கிள் படிக்கட்டை மறிக்கிறது, தீக்கதவைக் கல் வைத்துத் திறந்து விடுவது யார், எந்த வீட்டு அம்மம்மாவால் தனியே படியிறங்க முடியாது என்பதெல்லாம் ஒருநாள் வந்துபோகும் நிபுணருக்குத் தெரியாது. உலர்தூள் தீயணைப்புக் கருவியின் அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா என்று காவலாளியே மாதாமாதம் பார்க்கலாம். காபனீரொட்சைட்டுக் கருவியில் பொதுவாக அந்த முள் இருக்காது. அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் மாடிக்கு மாடி கேபிள் ஏறும் துவாரங்கள் சரியாக அடைக்கப்பட்டுள்ளனவா? புகை மேலே ஏறும் வழிகளில் அதுவும் ஒன்று. அதையும் தீயணைப்பு நீர்ப் பம்பின் அழுத்தத்தையும் எச்சரிக்கை மணியின் வயரிங்கையும் நிபுணர்தான் சோதிக்க வேண்டும்.

அறிக்கை வாங்கியதோடு கடமை முடியாது. தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி பொது இடங்களைப் பராமரிக்கும் பொறுப்பு, வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த அமைப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கே.

லிஃப்ட் உள்ள உயரமான கட்டடமென்றால் முதல் மதிப்பீட்டுக்கு நிபுணரையே அழையுங்கள். இடையில் மாதச் சோதனையை நீங்களே செய்யலாம். அப்புறம், தீயணைப்புக் கருவி விற்பவரையே மதிப்பீட்டுக்கும் அழைக்காதீர்கள்.