மோல் வழியா, கிராம் வழியா: வினை வெப்பக் கணக்கை எப்படிப் பழக்குவது?

அக்கா மகனுக்குப் பிளஸ் ஒன் வெப்ப இயக்கவியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்ததும் முதலில் ஒன்றை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இத்தனை கிராம் பொருள் வினைபுரிந்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்ற கணக்கை எந்த வழியில் பழக்குவது? நிறையை மோலாக, அதாவது துகள்களை எண்ணும் அலகாக மாற்றி, ஒரு மோலுக்கு இத்தனை வெப்பம் என்று சொல்லும் என்தால்பியால் பெருக்குவது ஒன்று. ஒரு கிராமுக்கு இத்தனை கிலோஜூல் என்று வைத்துக்கொண்டு நேராகப் பெருக்குவது இன்னொன்று. நான் மோல் வழியைத்தான் எடுத்தேன்.

கிராம் வழி வேகமானது, அதில் சந்தேகமில்லை. எரிபொருள்களை ஒப்பிட அதுதான் வசதி: ஒரு கிராம் எரிந்தால் மீத்தேன் 55.5 கிலோஜூல் தரும், எத்தனால் 29.7தான் தரும். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அதை மோலாக்க வேண்டுமென்றால் கலவை விகிதம் தெரிய வேண்டும். கிராமுக்குப் பார்த்தால் இரண்டுமே 50 கிலோஜூலை ஒட்டித்தான் வருகின்றன. 14,200-ஐ 50-ஆல் பெருக்கினால் சுமார் 7 லட்சம் கிலோஜூல், வேலை முடிந்தது.

அப்புறம் ஏன் மோல்? தவறு செய்தால் அது எங்கே கண்ணில் படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு மோல் திரவ நீர் உருவாகும்போது 571.6 கிலோஜூல் வெளிவருகிறது. 10 கிராம் ஹைட்ரஜனுக்கு எவ்வளவு என்று கேட்டேன். பையன் 10-ஐ ஒரு மோல் ஹைட்ரஜனின் நிறையான 2.016-ஆல் வகுத்து 4.96 மோல் என்று சரியாகக் கண்டுபிடித்தான். அதை அப்படியே 571.6-ஆல் பெருக்கி 2,835 என்று எழுதினான். சரியான விடை 1,418, அதாவது பாதி. சமன்பாட்டில் ஹைட்ரஜனுக்கு முன்னால் நிற்கும் 2-ஐ விட்டுவிட்டான்.

மோல் வழியிலும் இந்தத் தவறு வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் தாளைப் பார்த்ததும் பிடித்துவிட முடிந்தது. '571.6 கிலோஜூல் எத்தனை மோல் ஹைட்ரஜனுக்கு?' என்ற ஒரே கேள்வியில் அவனே திருத்திக்கொண்டான். இதே தவறு கிராம் வழியில் நடந்திருந்தால், 571.6-ஐ 2.016-ஆல் வகுத்து கிராமுக்கு 283.5 என்று குறித்து வைத்திருப்பான். சரியான எண் 141.8. அந்த 283.5-ஐப் பார்த்தால் அதில் எந்தத் தப்பும் தெரியாது. மோல் எண்ணிக்கை அதற்குள் கரைந்துபோய்விட்டது. அடுத்தடுத்த கணக்குகளுக்கும் அதையே எடுத்துக்கொண்டு போவான்.

இரண்டு வினைபடுபொருள்களின் நிறையையும் கொடுத்துவிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. தண்டவாளங்களை இணைக்கப் பயன்படும் தெர்மைட் வினையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மோல் அலுமினியம், ஒரு மோல் ஃபெரிக் ஆக்சைடு (இரும்பின் ஆக்சைடு), வெளிவரும் வெப்பம் 851.5 கிலோஜூல். 100 கிராம் அலுமினியமும் 200 கிராம் ஆக்சைடும் இருந்தால்? அலுமினியத்துக்குக் கிராமுக்கு 15.8 என்று பெருக்கினால் 1,580 பக்கம் வரும். மோலாக்கினால் அலுமினியம் 3.70, ஆக்சைடு 1.25. இந்த ஆக்சைடுக்கு 2.50 மோல் அலுமினியமே போதும் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. முதலில் தீர்வது ஆக்சைடு. ஆகவே வெப்பம் 1,066 கிலோஜூல்தான், 32 கிராம் அலுமினியம் மிச்சம். கிராம் விகிதத்திலும் இதைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் தேடிப் போக வேண்டும்.

நான் பழக்கியது பள்ளிக் கணக்குகளை மட்டும்தான். தினமும் நிலக்கரியையும் உலை எண்ணெயையும் எடைபோட்டு எரிக்கிறவர்களுக்குக் கிராம் வழியே போதுமானதாக இருக்கலாம். பிளஸ் ஒன் மாணவருக்கு மோல் வழி கைவந்த பிறகு கிராம் வழியைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வழியும் உதவாது. உருவாகும் நீர் திரவமாக இருந்தால் ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு 285.8 கிலோஜூல், ஆவியாக இருந்தால் 241.8. அதைச் சமன்பாட்டில் நீருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சின்ன எழுத்தை (திரவத்துக்கு l, ஆவிக்கு g) பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.